உப்பளத்தான் மகன் முதலாளி ஆகலாகாதா?

தோழனே!

மரக்காணம் உப்பளத்திலே கால் வெடிக்க உப்பு வாருகிறார் தந்தை. "அந்த உப்பை அரைத்து, அயோடின் கலந்து, பொட்டலமிட்டு விற்பேன்" என்கிறான் மகன். சிரிக்கிறது ஊர்ப் பெரியதனம்: "வணிகம் இரத்தத்தில் ஊற வேண்டுமடா!"

1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கினாரே வழக்கறிஞர் வ.உ.சி., அவர் இரத்தத்தில் கடலா ஊறியிருந்தது?

பழைய குரல்தான் இது. 1953-இல் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில் என்ற குலக்கல்வித் திட்டத்தின் குரல்! 1954-இல் திட்டம் செத்தது, குரல் சாகவில்லை. இன்று வங்கி மேசையிலே அமர்ந்து, "ஈடு என்ன இருக்கிறது?" என்று கேட்கிறது.

ஈடா? தந்தை மிதிக்கும் பாத்தி அவருடையதன்று. குவிக்கும் அம்பாரமும் அவருடையதன்று. உழைப்புக்குப் பட்டா எந்தத் தாலுகாவில் தருகிறார்கள்?

சிறுதொழிலுக்கு 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கலாகாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. சலுகையன்று, ஆணை! பட்டியலினத்தார், பழங்குடியினர் தொழில் தொடங்க 35 விழுக்காடு மூலதன மானியத்தோடு 2023-இல் வந்தது அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்.

கிளைத் தோழர்களே! மேடைக்கு ஒரு நாள் ஓய்வு கொடுங்கள் (எனக்கும் சேர்த்துத்தான்). அந்தப் பிள்ளையோடு வங்கிக்குச் செல்லுங்கள். மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு மாவட்டத் தொழில் மையத்தின் படியேறுங்கள்.