தோட்டத்து வீட்டில் உறக்கம்



2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீட்டில், ஒரே குடும்பத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். சில மாதங்களிலேயே ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம், தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியும் அப்படியே. பிறகு கைதுகள் நடந்தன. செய்தி உள்பக்கத்துக்குப் போனது. பயம் மட்டும் போகவில்லை.

கிணறும் காடும் இருக்கிற இடத்திலேயே சாளை (தோட்டத்து வீடு) போட்டுக் குடியிருப்பது கொங்குப் பக்கத்து வழக்கம். அடுத்த வீடு கூப்பிடு தூரத்தில் இருக்காது. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, எழுபதைத் தாண்டியவர். வெயில் காலம் முழுக்க வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தவர், இப்போது பால் கறந்து ஊற்றிய கையோடு கதவைத் தாழிட்டுவிடுகிறார். நள்ளிரவில் தென்னை மட்டை விழுந்தால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டர், “தூக்கம் எப்படிம்மா?” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மகன் கேமரா வைத்துக் கொடுத்திருக்கிறார். “அவன் போன்ல பாக்கறான் கண்ணு. ராத்திரியில இங்க இருக்கறது நாந்தானே?” என்றார் என்னிடம்.

துணி விற்க வருகிறவரையும், தண்ணீர் கேட்டு நிற்கிற வடமாநிலத் தொழிலாளியையும் இப்போது ஜன்னல் வழியாகவே பேசி அனுப்பிவிடுகிறாராம். யார் வந்தாலும் மோர் கொடுத்து உட்கார வைத்த வீடு அது. எனக்கு இதுதான் ரொம்பவும் வலித்தது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. “பயப்படாதீங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிடாதீர்கள். “இங்கே வந்துடுங்க” என்றால் மாட்டை யார் பார்ப்பது? அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் அதை ஒப்புக்கொண்டு, முழுதாகச் சொல்லவிடுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் பேசி, படுக்கப்போகும் முன் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்ள ஏற்பாடு செய்யுங்கள். இரவு ரோந்து உங்கள் தடத்துக்கும் வருகிறதா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீண்டால் 14416-க்கு அழைக்கலாம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது; எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் ஊரில் இப்படித் தனியாக இருப்பவர்களுக்கு யார் துணை, என்ன ஏற்பாடு என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் பெயரில்லாமலே அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்