திராட்சைக்கு ஒரு தராசு, கத்தரிக்காய்க்கு ஒரு தராசா?



சந்தையில் நீங்கள் வாங்கும் கத்தரிக்காயின் பளபளப்பைக் கொண்டு, அதில் பூச்சிமருந்தின் எச்சம் உண்டா இல்லையா என்று அறிய முடியாது. கண்ணும் காணாது, நாவும் உணராது. ஆய்வுக்கூடத்தில் காயை அரைத்து, எச்சத்தைக் கரைத்துப் பிரித்து, கருவியில் செலுத்தியே அளவிடுகிறார்கள். ஒரு கிலோவில் 0.01 மில்லிகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் அக்கருவி காட்டிவிடும்.

2003-ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற இந்தியத் திராட்சையில், அனுமதித்த அளவுக்கு மேல் எச்சம் காணப்பட்டது. ஏற்றுமதிக்கே ஆபத்து நேர்ந்தது. ஆகவே 2006-இல் மத்திய அரசின் அபேடா நிறுவனம் ‘கிரேப்நெட்’ என்னும் முறையை ஏற்படுத்தியது. ஐரோப்பாவுக்கென விளையும் ஒவ்வொரு தோட்டமும் பதிவு செய்யப்படுகிறது. அறுவடைக்கு முன்னரே மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். எச்சம் மிகுந்தால் அத்தோட்டத்துப் பழம் அங்கே கப்பலேறாது.

நம் அடுப்பங்கரைக்கு வரும் காய்க்கோ இத்தகைய காவல் இல்லை. 2005-06-இல் மத்திய வேளாண் அமைச்சகம் சந்தை மாதிரிகளைச் சோதிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அது நாட்டின் நிலையை அறிய உதவும். ஆனால் சந்தைக்கு வந்தபின் எடுத்த மாதிரிக்கு முடிவு வருமுன்னே, அதனோடு வந்த காய்கள் உண்ணப்பட்டிருக்கும்.

மருந்து தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே பறிக்க வேண்டும் என்ற விதி உண்டு. கத்தரியும் வெண்டையுமோ சில நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுபவை. அந்த இடைவெளி தவறுவது அங்கேதான் எளிது. ஊரில் பயிரிடும் உங்கள் உறவினருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

காய்கறியை விட்டுவிடாதீர்கள். ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோசின் வெளி இலைகளை நீக்குங்கள். மேலே படிந்தது குறையும். உள்ளே ஊடுருவியது கழுவினால் போகாது.

இன்னொரு வழியும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 40-ஆம் பிரிவின்படி, வாங்குகிறவரே கட்டணம் செலுத்தி உணவைச் சோதிக்கக் கேட்கலாம். வாங்கும்போதே வியாபாரியிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். உணவு சட்டத்துக்கு ஒவ்வாதது எனச் சோதனை அறிக்கை காட்டினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனியொருவருக்குச் செலவு பாரமானால், உங்கள் குடியிருப்பில் நாலு குடும்பத்தார் சேர்ந்து செய்யுங்கள். அந்நியர் மேசைக்குக் காட்டும் கவனத்தை நம் பிள்ளைகளின் தட்டுக்கும் கேட்பது நியாயமே.