பச்சிளம் குழந்தைக்கு பாக்டீரியா கொடுக்கலாமா? ஒடிசாவில் பலன், அமெரிக்காவில் எச்சரிக்கை... காரணம் என்ன?

பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு பாக்டீரியாவைக் கொடுப்பதா? கேட்டாலே பகீர்னு இருக்கும். ஆனால், ஒடிசா கிராமங்களில் இதைச் செய்து பார்த்தபோது நோய்த்தொற்று கணிசமாகக் குறைந்தது. இதே போன்ற ஒரு முயற்சிக்கு 2023-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ எச்சரிக்கை விடுத்தது. இரண்டும் எப்படி சரியாக இருக்க முடியும்? பார்க்கலாம்.

ஒடிசாவில் என்ன நடந்தது?

பச்சிளம் குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் முக்கிய காரணங்களில் ஒன்று செப்சிஸ் எனப்படும் ரத்தத் தொற்று. இதைத் தடுக்க முடியுமா என்று பினாகி பாணிகிராஹி தலைமையிலான குழு, ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியது. ஒரு பிரிவுக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் என்ற பாக்டீரியாவும், அதற்கு உணவாகும் ஒருவகை சர்க்கரையும் 7 நாட்கள் தரப்பட்டன. இன்னொரு பிரிவுக்கு வெறும் போலி மருந்து.

60 நாட்கள் கண்காணித்ததில், போலி மருந்து பெற்ற பிரிவில் 9 சதவீதம் பேர் செப்சிஸால் பாதிக்கப்பட்டிருந்தனர் அல்லது இறந்திருந்தனர். பாக்டீரியா பெற்ற பிரிவில் இது 5.4 சதவீதம்தான். அதாவது, 40 சதவீதம் குறைவு. செலவு? ஒரு குழந்தைக்கு சுமார் ஒரு டாலர். 2017-ல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவுகள் வெளியாகின.

இதில் ஒரு ஆச்சரியம் இருக்கு. கொடுத்தது குடலுக்கு. ஆனால் நுரையீரல் தொற்றும் குறைந்தது!

குடலில் இருக்கும் பாக்டீரியா நுரையீரலை எப்படி காக்கும்?

நம் குடலைச் சுற்றி நோய் எதிர்ப்பு செல்கள் ஏராளமாக இருக்கு. நல்ல பாக்டீரியாக்கள் அங்கே மூன்று வேலைகளைச் செய்கின்றன.

* இடம் பிடிப்பது: இடத்தையும் உணவையும் முன்கூட்டியே எடுத்துக்கொள்வதால், கெட்ட கிருமிகள் காலூன்ற முடியாது.
* சுவரை பலப்படுத்துவது: குடல் செல்களுக்கு இடையிலான பிணைப்பு இறுகுவதால், கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைவது கடினமாகிறது.
* பயிற்சி கொடுப்பது: எதை எதிர்க்கணும், எதை விட்டுவிடணும் என்று எதிர்ப்பு செல்களுக்குப் பழக்குவது.

மூன்றாவதுதான் முக்கியம். நார்ச்சத்தை நொதிக்க வைக்கும் சில பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற அமிலத்தை உருவாக்குகின்றன. இது, எதிர்ப்பு சக்தி எல்லை மீறாமல் 'பிரேக்' போடும் டி செல்கள் உருவாக உதவுவதாக 2013-ல் எலிகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்படும் எலிகளுக்கு எதிர்ப்பு மண்டலமே சரியாக வளர்வதில்லை. குடலில் பயிற்சி பெற்ற செல்கள் ரத்தம் வழியாக உடலின் மற்ற பகுதிகளுக்கும் போகும். நுரையீரல் தொற்று குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இயற்கையே இதற்கு ஏற்பாடு செய்திருக்கு. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகளைக் குழந்தையால் ஜீரணிக்கவே முடியாது. அவை குடலில் உள்ள பிஃபிடோ பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு!

அப்படியென்றால் அமெரிக்கா ஏன் எச்சரித்தது?

குறைப்பிரசவத்தில், ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் பிறந்த ஒரு குழந்தைக்கு மருத்துவமனையில் புரோபயாடிக் தரப்பட்டது. அதிலிருந்த பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து, குழந்தை உயிரிழந்தது. இதையடுத்து, குறைப்பிரசவக் குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பது ஆபத்து என எஃப்.டி.ஏ 2023 அக்டோபரில் எச்சரித்தது.

வித்தியாசம் இங்கேதான். ஒடிசாவில் சேர்க்கப்பட்டவர்கள் குறைந்தது 35 வாரம் கருவில் இருந்து, 2 கிலோவுக்குக் குறையாமல் பிறந்த, தாய்ப்பால் குடித்த குழந்தைகள். ஒரு கிலோ குழந்தைக்கு குடல் சுவரே முழுமையாக உருவாகியிருக்காது. எதிர்ப்பு செல்களும் தயாராக இருக்காது. பயிற்சி கொடுக்க வந்த பாக்டீரியாவே அங்கே எதிரியாகிவிடலாம்.

அதற்காக, குறைப்பிரசவக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்றும் முடிவாகவில்லை. குடல் திசு அழுகும் கொடிய நோயை புரோபயாடிக் குறைப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. 32 வாரத்துக்கு முன் பிறந்து தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2022-ல் கூறியது. மருத்துவர்களிடையே விவாதம் தொடர்கிறது.

பெற்றோர் என்ன செய்யணும்?

* 'புரோபயாடிக்' என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. ஒரே பெயர் கொண்ட பாக்டீரியாவிலும் பல ரகங்கள் உண்டு. ஒடிசாவில் பலன் தந்தது ஒரு குறிப்பிட்ட ரகம் மட்டுமே.
* பச்சிளம் குழந்தைக்கு கடையில் வாங்கி நீங்களாகவே கொடுக்காதீர்கள். குறைப்பிரசவக் குழந்தை என்றால் மருத்துவரே முடிவு செய்யட்டும்.
* முடிந்தவரை தாய்ப்பால் கொடுங்கள்.
* ஆன்டிபயாடிக் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்தே அழிக்கும். மருத்துவர் சொல்லாமல் தராதீர்கள். அவர் எழுதிக் கொடுத்தால் பாதியில் நிறுத்தாதீர்கள்.

இந்திய மருத்துவமனைகளில் செப்சிஸ் கிருமிகள் பலவற்றுக்கு வழக்கமான ஆன்டிபயாடிக் வேலை செய்வதில்லை. அதனால், தொற்று வந்தபின் போராடுவதைவிட வராமல் தடுக்கும் ஒரு டாலர் வழி நமக்கு ரொம்பவே முக்கியம். ஆனால் எந்த பாக்டீரியா, எந்தக் குழந்தைக்கு, எப்போது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகே அதைக் கையில் எடுக்க முடியும்.