எந்தக் கோடரி நல்ல கோடரி?

காட்டு முகாம் செல்வோருக்கான பத்துச் சிறந்த கோடரிகளைப் பட்டியலிடும் காணொளியொன்றை நண்பர்கள் மூவர் ஒரே வாரத்தில் எனக்கு அனுப்பியிருந்தனர். பட்டியலில் உள்ளவை யாவும் இறக்குமதிச் சரக்கு, அல்லது அதன் போலி. நம் நாட்டுக் கொல்லர் அடிக்கும் கோடரியைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்: அது தரமற்றதாம், ஆபத்தானதாம். மத்தியப் பிரதேசத்தின் மண்டலா, திண்டோரி மாவட்டங்களில் அகரியாக் கொல்லர்களின் உலைக்கூடங்களில் களப்பணி செய்துவருபவன் என்ற முறையில் இதை மறுக்காதிருக்க என்னால் இயலவில்லை.

முதலில் தரம் என்பது யாது? கத்தி அறுக்கிறது, கோடரி மோதுகிறது. ஆகவே அதன் வாய் கடினமாகவும் உடல் அதிர்ச்சியைத் தாங்குவதாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. எஃகை மிகக் கடினமாக்கினால் சில்லு தெறிக்கும். மிக இளக்கினால் வாய் மடங்கும். இம்முரணை ஒரே இரும்புத்துண்டில் இணக்குவதற்குப் பெயரே தோய்ச்சல். விளம்பரமோ 'துருப்பிடிக்காத எஃகு' என்று பெருமை பேசுகிறது. துரு, எண்ணெய்த் துணியால் ஒரு நிமிடத்தில் தீரும் சிக்கல். நொறுங்கிய வாய் அவ்வாறு தீராது. எஃகின் வகையும் தோய்ச்சலின் விவரமும் சொல்லப்படாதவிடத்து 'உயர் கரிம எஃகு' என்பதும் வெற்று அலங்காரமே.

நானும் ஏமாந்தவன்தான். ஆய்வின் முதலாண்டில் இணையத்தில் 2,400 ரூபாய்க்கு ஒரு கோடரி வாங்கினேன். கறுப்புச் சாயம், பின்புறம் சுத்தியல், உள்ளீடற்ற காம்புக்குள் ஒரு திசைகாட்டி. மூன்றாம் நாள், காய்ந்த சால மர விறகைப் பிளக்கையில் காம்புக் குழாய் ஒடிந்து, தலை என் முழங்காலை ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோயிற்று. ஊர்க்கொல்லர் அதைக் கையில் வாங்கிச் சுத்தியலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது பார்ப்பதற்கு, வெட்டுவதற்கு அன்று" என்றார். பழைய லாரிப் பட்டையிலிருந்து அவர் அடித்துத் தந்த 'டங்கியா'வை நான்காண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். இதுவரை மாற்றியது காம்பு ஒன்றுதான்.

'எல்லாக் கொல்லரும் ஒரே தரத்தில் செய்வரோ?' என்று கேட்பீர்கள். செய்யமாட்டார்கள். ஆகையால்தான் சோதித்து வாங்க வேண்டும், சோதனைகள் எளியவை.

ஒன்று: தேயாத அரத்தைக் கோடரியின் வாயில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கண்ணாடிமேல் வழுக்குவதுபோல் வழுக்கினால் கடினம் மிகுதி. தடையின்றி ஆழ இறங்கினால் மென்மை மிகுதி. தயங்கித் தயங்கிப் பிடித்தால் சரி.

இரண்டு: காம்பின் அடிநுனியைப் பாருங்கள். மரத்தின் இழைகள் கோடரி வாய் நிற்கும் திசைக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒருநாள் பிளக்கும். தமிழில் நமை, வெக்காலி என்றும் இந்தியில் தாவ்ரா என்றும் வழங்கும் மரம் காம்புக்குப் பேர்பெற்றது.

மூன்று: தலை காம்பில் இருக்கும் விதம். நான் கண்ட டங்கியாக்களில் காம்பின் மேல்நுனி பருத்திருக்கும்; தலையை அடியிலிருந்து ஏற்றி இறுக்குவர். வீசுந்தோறும் அது இறுகுமேயன்றிக் கழலாது.

நான்கு: அளவு. முகாமுக்கு 600 முதல் 900 கிராம் எடையுள்ள தலை போதும். காம்பு மிகக் குட்டையாயின், தவறிய வீச்சு தரையில் விழாமல் காலில் விழும்.

இந்நான்கில் ஒன்றையேனும் அக்காணொளி சொல்லிற்றா? இல்லை.

சுவீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் புரூக் கோடரிகள் சிறந்தவை, மறுப்பதற்கில்லை. அவற்றின் தலையில் அடித்த கொல்லரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். நம்மவர் அதைத் தடவித் தடவி வியக்கின்றனர். அதே நம்மவர், வாரச்சந்தையில் தரையில் அமர்ந்து கோடரி விற்பவரிடம் பெயரைக்கூடக் கேட்பதில்லை. இருபது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகின்றனர். அங்கே கைவினை, இங்கே மட்டச் சரக்கு! இது தரத்தைப் பற்றிய தீர்ப்பன்று. சாதியையும் வர்க்கத்தையும் பற்றிய தீர்ப்பு.

அகரியாக்கள் கனிமத்திலிருந்தே இரும்பை உருக்கியவர்கள். வெரியர் எல்வின் 1942இல் அவர்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். காடு அடைபட்டுக் கரி அரிதானதும், மலிவான ஆலை இரும்பு சந்தைக்கு வந்ததும் அவர்களுடைய உருக்குலைகளை அணைத்தன. எஞ்சியிருப்பது பட்டறைத் தீ மட்டுமே. அதையும் அணைக்க ஒரு காணொளி போதும் என்பதே என் அச்சம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, முன் எழுத்து அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்துள் நுழையக் கூடாது. காப்புக்காட்டில் மரம் வெட்டுவது 1927ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆதிவாசியின் தோளில் இருந்தால் சந்தேகத்துக்குரியதாகும் கோடரி, உங்கள் முதுகுப்பையில் தொங்கும்போது மட்டும் சாகசச் சின்னம் ஆகிவிடாது. அனுமதியுள்ள இடத்தில், விழுந்து காய்ந்த விறகை மட்டுமே வெட்டுங்கள்.

அடுத்த பயணத்தில் செயலியைத் திறக்குமுன் அருகிலுள்ள வாரச்சந்தைக்கு ஓர் அரத்துடன் செல்லுங்கள். சோதித்து வாங்குங்கள். வாங்கும்போது அடித்தவரின் பெயரையும் கேளுங்கள்.