செஞ்சி யார் பெயரால் நிற்கும்?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கி மேற்கே செல்வோர் கண்முன், வானத்தை முட்டும் பாறைக்குவியல்களாகச் செஞ்சி மலைகள் எழுந்து நிற்கின்றன. உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தாற்போல் தோன்றும். ஆனால் அவை எவரும் அடுக்கியவை அல்ல. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு அகவையுடைய கருங்கல், வெயிலாலும் மழையாலும் வெடிப்பு வழியே பிளந்து, விளிம்பு தேய்ந்து, நின்ற இடத்திலேயே உருண்டையாயிற்று என்பர் நிலநூலார். அப் பாறைகளையே பாதி மதிலாகக் கொண்டு, இடைவெளிகளை மட்டும் கல்லடுக்கி அடைத்துக் கோட்டை கண்டனர் முன்னோர். இயற்கையும் மாந்தர் உழைப்பும் எங்கே பிரிகின்றன என்று காண முடியாத இடம் அது.

அந்தச் செஞ்சிக்கு 2025ஆம் ஆண்டு சூலை 11ஆம் நாள் உலகப் பெருமை வந்தது. யுனெசுகோ அமைப்பு தன் உலக மரபுச்செல்வப் பட்டியலில் அதனைச் சேர்த்தது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் எந்தப் பெயரில் சேர்த்தது? 'இந்தியாவின் மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள்' என்னும் பெயரில்! அத் தொகுப்பிலுள்ள 12 கோட்டைகளுள் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்றே செஞ்சி.

மராட்டியர் பங்கை மறுப்பது வரலாற்றை மறுப்பதாகும். 1677இல் சிவாசி செஞ்சியைக் கைப்பற்றி மதில்களை வலுப்படுத்தினார். அவர் மகன் இராசாராம் 1689இல் இங்கு வந்து சேர்ந்தபின், மராட்டிய அரசின் உயிர் இம் மலையில்தான் தங்கியிருந்தது. ஔரங்கசீப்பின் படை 1690 முதல் முற்றுகையிட்டும் 1698இல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. இவையெல்லாம் உண்மை, போற்றத்தக்க வீரமும் ஆகும். ஆயினும் அது 21 ஆண்டுக் கதை. செஞ்சியின் கதையோ அதனினும் பன்மடங்கு நீண்டது.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் ஆயர்குடித் தலைவர்களாகிய ஆனந்தக்கோனும் கிருட்டிணக்கோனும் மலைகளை முதலில் அரண் செய்தனர் என்பது மரபுச் செய்தி. ஆடுமாடு மேய்த்த குடி எழுப்பிய அரணைப் பின்னர் விசயநகரத்தின் கீழ் ஆண்ட நாயக்கர்கள் பெருங்கோட்டையாக்கினர். 1597இல் இங்கு வந்த பிமெந்தா என்னும் கிறித்தவத் துறவி, இலிசுபன் ஒன்று நீங்கலாகப் போர்த்துக்கல்லில் இத்துணைப் பெரிய நகரில்லை என்று வியந்தெழுதினார். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீசப்பூர் அரசு கைப்பற்றியது; பிறகு மராட்டியர், மொகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள்; 1750இல் பிரெஞ்சியர்; 1761இல் ஆங்கிலர்.

வந்தவர் ஒவ்வொருவரும் தம் வாய்க்கேற்ப ஒரு பெயர் சூட்டினர். பீசப்பூரார் பாதுசாபாத் என்றனர். மராட்டியர் சந்தி என்றனர். மொகலாயர் தம் படைத்தலைவன் பட்டப்பெயரால் நுசரத்கட் என்றனர். ஆங்கிலர் நாவில் அது சின்சியாய்த் திரிந்தது. 'கிழக்கத்திய திராய்' என்று புகழ்ந்தபோதும் அவர்கள் தம் அளவுகோலையே கொண்டு அளந்தனர். அரசாணையும் படையும் துணைநின்ற அப் பெயர்கள் இன்று ஏடுகளில் மட்டுமே கிடக்கின்றன. எந்தப் படையும் துணையில்லாத செஞ்சி என்னும் பெயர் மட்டும் உழவர் வாயிலும் ஆயர் வாயிலும் உயிரோடிருந்தது. ஓர் ஊரின் உண்மையான மதில் அதன் மக்கள் வழங்கும் பெயரே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தமிழ் மக்கள் குறுகிய நெஞ்சினர் அல்லர் என்பதற்கும் செஞ்சியே சான்று. 1714ஆம் ஆண்டு அக்தோபர் 3ஆம் நாள் நவாபின் படையோடு பொருது மாண்ட இளைஞன் தேசிங்கு, வடக்கிலிருந்து வந்த இராசபுத்திரக் குடியினன். எனினும் அவன் வீரத்தையும் அவன் முகம்மதிய நண்பனின் உயிர்க்கொடையையும் கதைப்பாடலாகக் கட்டி ஊர்தோறும் பாடியவர்கள் தமிழர்களே. பிறர் வீரத்தைப் பாடத் தெரிந்த மக்கள், தம் நிலத்தின் பெயரை இழக்க வேண்டும் என்பது எந்த அறம்?

பெயரைக் காக்க முழக்கம் போதாது, கால்கள் வேண்டும். இராசகிரி மலை ஏறத்தாழ 800 அடி உயரம். உச்சிக்கு முன்னே 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடைய இயற்கைப் பிளவு குறுக்கிடும். அதன்மேற் கிடந்த சிறு பாலத்தை இழுத்துக்கொண்டால் எப் படையும் ஏறவியலாது. கீழே நெற்களஞ்சியங்கள், குளங்கள், அடுக்கடுக்காய் உயர்ந்த கலியாண மகால், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லாகான் பள்ளிவாசல் எல்லாம் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. ஏறிக் கண்டவனுக்கு இது ஓர் அரசின் சொத்தன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

கோட்டையோடு திரும்புவோர் பாதியே கண்டவராவர். அருகே சிறுகடம்பூரில் திருநாதர் குன்றில், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசையாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. அங்கேயே, 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் கல்வெட்டு உள்ளது. ஐகார எழுத்து முதன்முதலாகக் காணப்படும் கல்வெட்டுகளுள் ஒன்றாக அறிஞர் அதனைச் சுட்டுவர். கோட்டையின் முதற்கல் நடப்படுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே இம் மலை தமிழ் எழுதிற்று! சிங்கவரத்திலும் மேலச்சேரியிலும் குடைவரைகள் உள்ளன. சற்றுத் தொலைவில், செங்கலும் மரமும் மாழையும் சுண்ணமும் இன்றி மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டு உள்ளது. பாக்கமலைக் காடும் எட்டும் தொலைவிலேயே உள்ளது. பாறை, காடு, எழுத்து, கோட்டை நான்கும் சேர்ந்ததே செஞ்சி.

எனவே செய்யத்தக்கவை தெளிவானவை. 1921 முதல் கோட்டையைக் காத்துவரும் நடுவண் அரசின் தொல்லியல் துறை, கோனார் முதல் ஆங்கிலர் வரை முழு வரலாற்றையும் தமிழில், முதன்மையாக, வாயிலில் பொறிக்க வேண்டும். தமிழக அரசு கோட்டையையும் குன்றுகளையும் குடைவரைகளையும் இணைத்து நடைவழிகள் அமைக்க வேண்டும். இக் குன்றுகளின் அருகே கல்லுடைப்புக்கு ஒருநாளும் இசைவு தரலாகாது. உடைந்த மதிலை மீண்டும் கட்டலாம், உடைந்த மலையைக் கட்ட முடியாது. ஆசிரியர்கள் மாணாக்கரை இங்கு அழைத்துவந்து கல்வெட்டைப் படிக்கக் கற்பிக்க வேண்டும். பாறைக்கும் சுனைக்கும் ஓடைக்கும் ஊர்மக்கள் வழங்கும் பெயர்களை முதியோர் வாயிலாகக் கேட்டு எழுதி வைத்தல் இளைஞர் கடமை. மதிலில் தன் பெயரைக் கீறிச் செல்லும் தமிழன், பிறர் தன் மலைக்குப் பெயரிடுவதைக் குறைகூறும் தகுதியை இழக்கிறான்.

பட்டியல் எழுதுவோர் தாம் கேட்டதையே எழுதுவர். மராட்டியர் தம் கோட்டைகளை நேசித்தனர், ஏறினர், எழுதினர், உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர்கள் குரல் கேட்கப்பட்டது. அதில் அவர்கள் பிழை ஏதுமில்லை. செஞ்சியைப் பற்றித் தமிழர் சொல்ல வேண்டியதைத் தமிழரே சொல்லட்டும். அதற்கு முதற்படி, இராசகிரியின் முதற்படியில் கால்வைப்பதே.