மலை மண்ணில் காந்தம்: கம்போங் ராஜா ஏன் கவனிக்க வேண்டும்?

சீனா 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் கார் தொழிற்சாலைகள் திணறின. மின்சாரக் கார் மோட்டாரின் காந்தம் சூட்டில் வலுவிழக்காமல் இருக்க டிஸ்ப்ரோசியம், டெர்பியம் தேவை. இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. அடுத்த மாதமே பகாங், கெபெங்கிலுள்ள லைனஸ் ஆலை டிஸ்ப்ரோசியம் ஆக்சைடைத் தயாரித்தது. அந்த ஆலைக்குத் தாது ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது.

இப்போது பேச்சு நம் சொந்த மண்ணைப் பற்றியது. நாட்டில் சுமார் 1 கோடியே 61 லட்சம் டன் இருப்பதாக அரசாங்கம் மதிப்பிடுகிறது. ‘அரிய’ என்ற பெயரே சற்று ஏமாற்றுதான். கருங்கல் மலைகள் மக்கிய களிமண்ணில் இவை மெல்லியதாகப் பரவிக் கிடக்கின்றன. கேமரன் மலை நிற்பதும் அதே தித்திவங்சா கருங்கல் தொடரில்தான்.

எடுக்கும் முறை எளிது. பேராக், கெனரிங்கில் சோதனை முயற்சியாக நடப்பதும் இதுதான்: மலையில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்தி, கீழே வடிவதைப் பிடிக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்கு அது பழகிய உரம். ஆனால் தேயிலைக்குத் தூவும் அளவு வேறு, ஒரு குன்றையே ஊறவைக்கும் அளவு வேறு. பிடிபடாத கரைசல் நிலத்தடி நீருக்கும் ஆற்றுக்கும் போகும். ஊறிய சரிவு சரியவும் கூடும். மண்சரிவு என்றால் என்னவென்று கேமரன் மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2024 ஜனவரி 1 முதல் பதப்படுத்தாத தாதுவை ஏற்றுமதி செய்யத் தடை. இது நல்ல முடிவுதான். ஆனால் தடை ஏற்றுமதிக்கு மட்டுமே, தோண்டுவதற்கு இல்லை. உள்நாட்டில் ஆலைகள் பெருகினால் அவற்றுக்கு உள்நாட்டுத் தாது வேண்டும். நிலமும் சுரங்கமும் மாநில அதிகாரம் என்பதால், பகாங் மலைகளின் முடிவு குவாந்தானில் எடுக்கப்படும்.

கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கினால், ஈப்போவை ஒட்டி புக்கிட் மேரா. ஈயக் கழிவான அமாங்கிலிருந்து அரிய மண்ணைப் பிரித்த ஆலை 1982-இல் அங்கே தொடங்கியது. தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் நீதிமன்றம் போனார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வென்று, மறு ஆண்டு உச்சநீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆலை 1994-இல் மூடப்பட்டது. துப்புரவுப் பணி அதன்பின் பல ஆண்டுகள் நீடித்தது.

களிமண் தாதுவில் கதிரியக்கம் குறைவு என்பது உண்மை. கம்போங் ராஜா வட்டாரத்தில் கவலை தண்ணீரைப் பற்றியது. தெலோம் ஆற்று நீரை நம்பிக் காய்கறித் தோட்டங்களும், ஓராங் அஸ்லி கிராமங்களும், நீர்மின் நிலையமும் இருக்கின்றன. எந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இச்சுரங்கத்துக்கு அறவே இடமில்லை என்பதை, உரிம விண்ணப்பம் வருவதற்கு முன்பே மாநில அரசு வரைபடத்தோடு வெளியிட வேண்டும்.