செட்டிங் டைமுக்கும் ரேட் போடுங்கள்

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு சிஎன்சி பட்டறைக்கு டிராயிங் வந்தால் முதலாளி எப்படி ரேட் போடுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு பீஸுக்கு சைக்கிள் டைம் எவ்வளவு, ஜாப்பை மெஷினில் ஏற்றி செட்டிங் செய்ய எவ்வளவு, டூல் தேய்மானம், ரிஜெக்‌ஷன் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி. பத்தே பீஸ் ஆர்டர் என்றால் செட்டிங்தான் விலையைத் தீர்மானிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

அதே பட்டறைக்கு வெப் மென்பொருள் செய்துதரப் போகும் நம் ஆட்களின் கொட்டேஷனில் அந்த வரியே பெரும்பாலும் இருப்பதில்லை. பன்னிரண்டு ஸ்கிரீன், ஸ்கிரீனுக்கு மூன்று நாள், ஆக 36 நாள். கணக்கு முடிந்தது!

மின்-இன்வாய்ஸ் வேலையையே எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களோடு தொடங்கிய இன்வாய்ஸை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் கட்டாயம் படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்து உதிரிபாகப் பட்டறைகளுக்கும் இது பொருந்தும். அரசுத் தளத்துக்கு ஜேசன் அனுப்பி, ஐஆர்என் என்ற 64 எழுத்து இன்வாய்ஸ் அடையாள எண்ணும் கியூஆர் கோடும் வாங்கும் கோட், சோதனைத் தளத்தில் இரண்டே நாளில் ஓடிவிடலாம். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. வாடிக்கையாளர் பட்டியல் எக்செல்லில் கிடக்கும். ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகியிருக்கும், பின்கோடு வேறு மாநிலத்தைக் காட்டும். டஜன், செட், கிலோ என்று அவரவர் இஷ்டத்துக்கு அடித்த அலகுகளை அரசின் குறியீட்டுப் பட்டியலோடு பொருத்த வேண்டும். ஜாப் ஒர்க் என்றால், சரக்கோடு போகும் டெலிவரி சலானுக்கு ஐஆர்என் வேண்டாம். கூலிக்குப் போடும் இன்வாய்ஸுக்கு வேண்டும். தவறாகப் போட்டதை அந்தத் தளத்தில் 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். தாண்டினால் கிரெடிட் நோட். அதற்கும் ஒரு ஐஆர்என்.

இவற்றில் ஒன்றுகூட ஸ்கிரீன் எண்ணிக்கையில் தெரியாது.

மென்பொருள் வேலையை மதிப்பிடும் சூத்திரங்களுக்குப் பஞ்சமில்லை. மென்பொருள் பொறியியல் நிபுணர் பேரி போம் 63 திட்டங்களின் தரவை வைத்து 1981இல் கோகோமோ என்ற மதிப்பீட்டு முறையை வெளியிட்டார். அது கோட் வரிகளை எண்ணுவது. பாதிக்கு மேல் ஃபிரேம்வொர்க்கே எழுதிக்கொடுக்கும் வெப் வேலையில் எந்த வரியை எண்ணுவது? டொனால்ட் ரைஃபர் 2000இல், மென்பொருளின் செயல்பாடுகளை எண்ணும் ஃபங்ஷன் பாயிண்ட் முறையின் ஐந்து இனங்களோடு மல்டிமீடியா கோப்பு, ஸ்கிரிப்ட், லிங்க் போன்றவற்றையும் சேர்த்து எண்ணச் சொன்னார். நல்ல முயற்சி. ஆனால் ஐந்து பேர் கம்பெனி தன் பழைய வேலைகளின் டைம்ஷீட்டை ஒழுங்காக வைத்திருந்தால் அதைவிடப் பயன் உண்டு என்பதே இந்த இதழின் கருத்து.

ஒரே எண்ணைச் சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். தேவை என்னவென்றே தெளிவாகாத கட்டத்தில் சொல்லும் மதிப்பீடு நான்கு மடங்கு கூடலாம், நான்கில் ஒன்றாகக் குறையலாம் என்று போமே காட்டியிருக்கிறார். ஐஆர்என் இணைப்புக்கு எல்லாம் சரியாக அமைந்தால் 5 நாள், வழக்கமாக 8, பட்டியல் குப்பையாக இருந்தால் 23 என்று வையுங்கள். எட்டை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 10 நாள் வரும். இது 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறை. பத்தைவிட அந்த 23ஐ வாடிக்கையாளரிடம் காட்டுவதுதான் முக்கியம். பார்த்தால், எக்செல்லைத் தானே சுத்தம் செய்துதர அவர் ஒப்புக்கொள்ளவும் கூடும்.

கொட்டேஷனில் டேட்டா மாற்றம், அரசுத் தள இணைப்பு, பயனர் சோதனை மூன்றும் தனி வரிகளாக நிற்கட்டும். விதி மாறினால் செய்யும் வேலை பராமரிப்பு ஒப்பந்தத்தில் வரட்டும். 2025 ஏப்ரல் 1 முதல் 10 கோடியும் அதற்கு மேலும் விற்றுமுதல் உள்ளவர்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கு முன்பே டெலிவரி முடித்த சாஃப்ட்வேரில் இந்த 30 நாள் கெடுவுக்கான எச்சரிக்கையை யார் காசில் சேர்ப்பது என்பதை ஒப்பந்தம் சொல்லியிருக்க வேண்டும்.